ஸ்பைடர்மேன் ஆறுமுகமும் ஒரு சுழியமும்

நான் படிவம் நான்கில் படித்தபோது மாவட்ட அளவிலான பெண்கள் ஃபுட்சால் போட்டியில் எங்கள் பள்ளி இறுதியாட்டம் வரை போனது. 1–0 என்று வென்றோம். கோல் காவலர் நான்தான். இரண்டு முழங்கையும் தோல் உரிந்து, ஒரு வாரம் பேனாவைப் பிடிக்கக்கூட முடியாமல் கிடந்தேன். மறுநாள் அறிவிப்புப் பலகையில் முடிவை ஒட்டியிருந்தார்கள். எங்கள் பள்ளியின் பெயர், பக்கத்தில் 1, அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கோல் அடித்த தோழியின் பெயர். எதிரணியின் பெயர், பக்கத்தில் 0. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஒன்றுக்கு ஒரு சொந்தக்காரி இருந்தாள். சுழியத்துக்கு யாருமில்லை.

வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பியபோது தாத்தா சிரித்தார். அவர் ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். ஆறுமுகத்துக்கே அப்படித்தான் நடந்தது, உனக்கென்ன என்று கேட்டார். எந்த ஆறுமுகம் என்று நான் திருப்பிக் கேட்டதுதான் தவறு. அன்று இரவு சாப்பாடு ஆறிப்போகும்வரை பேசினார். பிறகு நானும் பழைய ஆட்டக் கணக்குகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இந்தக் கட்டுரை அங்கிருந்து வந்தது.

ரெங்கசாமியின் மகன் ஆறுமுகம், 1953 ஜனவரி 31-ஆம் தேதி சிலாங்கூரில் துறைமுகப் பட்டணத்தில் பிறந்தார். இன்று நாம் போர்ட் கிள்ளான் என்று சொல்லும் ஊருக்கு அப்போது போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். நாடு விடுதலை பெற்று, மெர்டேக்கா அரங்கம் திறக்கப்பட்டபோது அவருக்கு நான்கு வயது. பின்னாளில் அந்த அரங்கத்தின் கோல் கம்பங்களுக்கு நடுவில்தான் அவர் வாழ்க்கையின் பெரிய நாள்கள் பலவும் கழிந்தன.

1970-களின் தொடக்கத்தில் சிலாங்கூர் அணிக்கு வந்தார். 1973-இல், இருபது வயதில், தேசிய அணியின் சட்டையை அணிந்தார். இருபது வயது என்பதை இங்கே கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். எனக்கும் இப்போது அதே வயதுதான். நான் இன்னும் பல்கலைக்கழக விடுதியில் துணி துவைக்க வரிசையில் நின்று கொண்டிருக்கிறேன்.

அவருக்கு ரசிகர்கள் வைத்த பெயர் ஸ்பைடர்மேன். காரணம், கைகள். ஆளுக்குப் பொருந்தாத அளவுக்கு நீண்ட கைகள். ஒரு காற்பந்துக் கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். ஏறக்குறைய 18 சதுர மீட்டர் வெற்றிடத்தை ஒரே ஆள் காக்க வேண்டும். நான் காத்த ஃபுட்சால் கோல் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். அதில் மூன்றில் ஒரு பங்குதான். அதிலேயே எனக்கு மூச்சு வாங்கியது.

நீண்ட கை இருந்தால் போதும், பாய்ந்து பிடித்துவிடலாம் என்று தோன்றும். அப்படி இல்லை. கோல் காவலரின் வேலையில் பாய்ச்சல் கடைசியில் வருவது. முதலில் வருவது கால். பந்தோடு வருகிறவரை நோக்கி இரண்டடி முன்னே போனால், அவர் கண்ணுக்குத் தெரியும் கோலின் அளவு சுருங்கிவிடும். அதிகம் முன்னே போனால் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுவிடுவார். எந்த நொடியில் முன்னே போவது, எந்த நொடியில் நிற்பது என்பதில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது. நீண்ட கை அதற்குப் பிறகு உதவும். குறிப்பாகப் பக்கவாட்டிலிருந்து உயரமாக வரும் பந்தில். எல்லாரும் தலையால் முட்டத் துள்ளும்போது, அந்தத் தலைகளுக்கு மேலே ஒரு கை போய்ப் பந்தைப் பறித்துக்கொண்டு வரும். தாத்தா அதைச் செய்து காட்டுவார், சமையலறைப் பரணிலிருந்து மிளகாய்த்தூள் டப்பாவை எடுக்கிற மாதிரி.

சரி, சுழியத்துக்கு வருகிறேன்.

எதிரணிக்கு ஒன்றும் கொடுக்காமல் ஆட்டத்தை முடிப்பதை எல்லா விளையாட்டுகளும் ஒரே மாதிரி மதிப்பதில்லை. அமெரிக்கர்களின் பேஸ்பாலில் அது தனிப்பட்ட சாதனை. பந்தெறிபவர் ஒருவர் முழு ஆட்டத்தையும் தானே எறிந்து, எதிரணிக்கு ஓர் ஓட்டம்கூடக் கொடுக்காவிட்டால் அதற்கு ஷட்அவுட் என்று பெயர். அது அவருடைய பெயரில் ஏட்டில் ஏறும். வாஷிங்டன் அணிக்கு 1907 முதல் 1927 வரை ஆடிய வால்டர் ஜான்சன் இப்படி 110 ஆட்டங்களை முடித்தார். இன்றுவரை அதை யாரும் நெருங்கவில்லை. அவருக்கு அடுத்த இடத்தில் இருப்பவருக்கே 90தான். இப்போதெல்லாம் ஒரே ஆள் முழு ஆட்டத்தையும் எறிவது அபூர்வம் என்பதால், இனி யாரும் நெருங்கவும் போவதில்லை. அந்த ஜான்சனுக்கும் கைகள் நீளமாம். அவருடைய அணி பெரும்பாலும் பலவீனமாகவே இருந்தது. அவர் வென்ற ஆட்டங்களில் 38, 1–0 என்று முடிந்தவை. அதாவது, தன் அணி அடித்த ஒரே ஓட்டத்தை வைத்துக்கொண்டு, அடுத்த அணியைச் சுழியத்திலேயே நிறுத்தினார்.

அங்கே இன்னொரு கணக்கும் உண்டு. ஆட்டங்களைத் தாண்டி, தொடர்ந்து எத்தனை இன்னிங்ஸ் ஓட்டம் கொடுக்காமல் எறிந்தார் என்பது. ஜான்சன் 1913-இல் 55-க்கும் மேல் போனார். ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். அப்படியென்றால் ஆறு முழு ஆட்டங்களுக்கு மேல். 1968-இல் டான் டிரைஸ்டேல் அதை முறியடித்தார். 1988 செப்டம்பரில் ஓரல் ஹெர்ஷைசர் 59-ஐ எட்டினார். அந்த 1988-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கிரிக்கெட்டிலும் இதற்கு ஏடு உண்டு. 1964 ஜனவரியில் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக பாபு நட்கர்னி தொடர்ந்து 21 ஓவர்கள் ஓர் ஓட்டமும் கொடுக்காமல் வீசினார். 131 பந்துகள். விக்கெட் ஒன்றும் விழவில்லை; ஆட்டமும் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. பார்த்தவர்களுக்குத் தூக்கம் வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் அந்த 21 இன்றும் நட்கர்னியின் பெயரில்தான் இருக்கிறது.

காற்பந்தில் மட்டும் இந்தச் சுழியம் பெரும்பாலும் அணியின் பொதுச் சொத்தாகவே கிடக்கிறது. விதிவிலக்குகள் உண்டு. இத்தாலியின் டினோ ஜோஃப் 1972-லிருந்து 1974 வரை அனைத்துலக ஆட்டங்களில் 1,142 நிமிடங்கள் ஒரு கோலும் விடாமல் நின்றார். பன்னிரண்டு முழு ஆட்டங்களுக்கு மேல். 1974 உலகக் கிண்ணத்தில் ஹைத்தி நாட்டின் சனோன் அந்தத் தொடரை உடைத்தார். இதைச் சொல்லக் காரணம், ஜோஃப் நிமிடங்களைச் சேர்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் இங்கே ஆறுமுகம் தேசிய அணியில் நிற்கத் தொடங்கினார்.

அது மலேசியக் காற்பந்தின் நல்ல காலம். இப்போது நாம் தென் கொரியாவுடன் ஆடினால் எத்தனை கோலில் தோற்போம் என்று பந்தயம் கட்டுகிறோம். அப்போது அப்படி இல்லை. 1974 மெர்டேக்கா போட்டியின் இறுதியாட்டத்தில் மலேசியா தென் கொரியாவை 1–0 என்று வென்றது. 1976-இல் அதே போட்டியின் இறுதியில் ஜப்பானை 2–0 என்று வென்றது. 1974-இல் தெஹ்ரானில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம் கிடைத்தது; ஆறுமுகத்தின் முதல் பெரிய பதக்கம் அது. 1977 கோலாலம்பூர் சீ விளையாட்டில் தங்கம். இறுதியில் தாய்லாந்துக்கு எதிராக 2–0. 1979-இல் ஜகார்த்தாவில் மீண்டும் தங்கம். சொந்த மண்ணில், சொந்த ரசிகர்களுக்கு முன்னால் ஆடிய இந்தோனேசியாவை 1–0 என்று வென்றார்கள். இந்த இரண்டு தங்கமும் ஆறுமுகத்துக்கு உண்டு.

இந்த எண்களை மறுபடி பாருங்கள். 1–0, 2–0, 2–0, 1–0. நான்கு இறுதியாட்டங்கள். இந்த நான்கிலும் எதிரணி அடித்தது மொத்தம் சுழியம். ஜகார்த்தாவின் அந்த ஒரு கோலை அடித்தவர் மொக்தார் டஹாரி. அதை இன்றும் சொல்லுவார்கள், சொல்லவும் வேண்டும். அந்த ஒரு கோல் தங்கம் ஆனதற்கு, இன்னொரு பக்கத்தில் ஒன்றும் நுழையாமல் இருந்ததும் காரணம். 1–0 என்ற ஆட்டத்தில் ஒன்றைவிடச் சுழியம்தான் அதிக நேரம் உழைக்கிறது. கோல் ஒரு நொடியில் விழுந்துவிடும். சுழியத்தைத் தொண்ணூறு நிமிடமும் காக்க வேண்டும்.

இதையெல்லாம் ஆறுமுகம் தனியாகச் செய்தார் என்று எழுதினால் அது பொய். அவருக்கு முன்னால் நின்ற இரண்டு பேரைச் சொல்லாமல் விட முடியாது. ஒருவர் சந்தோக் சிங். இன்னொருவர் சோ சின் ஆன். அவர் எங்கள் மலாக்காக்காரர், அலோர் காஜாவில் பிறந்தவர். தவ்கே என்று அவரைக் கூப்பிடுவார்கள். மலேசியக் கிண்ணத்தை ஒருமுறைகூட வென்றிராத மாநிலத்திலிருந்து வருகிறவள் நான். கிடைத்த இடத்தில் பெருமைப்பட்டுக்கொள்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். ஒரு தமிழர், ஒரு சீனர், ஒரு பஞ்சாபியர், முன்னால் மொக்தார் என்ற மலாய்க்காரர் என்று இந்த அணியைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசிவிட்டார்கள். எனக்கு அதைவிடச் சுவாரசியமாகத் தெரிவது அவர்களுடைய வேலை நடந்த முறை.

1992 வரை காற்பந்தில் ஒரு வசதி இருந்தது. தற்காப்பு ஆட்டக்காரர் காலால் பின்னுக்குத் தட்டிவிடும் பந்தைக் கோல் காவலர் கையால் எடுத்துக்கொள்ளலாம். இப்போது எடுத்தால் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக். அதனால் அந்தக் காலத்துத் தற்காப்பு என்பது காவலரோடு ஒரு தொடர்ந்த கொடுக்கல் வாங்கல். நெருக்கடி வந்தால் பின்னுக்குக் கொடுப்பார்கள். அவர் எடுத்து, ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்து, எல்லாரும் தத்தம் இடத்துக்கு வரும்வரை பொறுத்திருந்து, பிறகு வெளியே அனுப்புவார். பின்னால் நிற்பவர்மேல் நம்பிக்கை இல்லாவிட்டால் இந்த ஆட்டம் நடக்காது. சுழியத்துக்கு ஒரே ஒரு பெயரை எழுதுவது பேஸ்பால்காரர்களின் தாராளம். அங்கேயும் பந்தெறிபவருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்க ஆட்கள் இருக்கத்தானே செய்கிறார்கள்? ஆனால் நம் ஆட்டத்தில் ஒரு பெயரையும் எழுதாமல் விடுவது கஞ்சத்தனம். மூன்று பெயர் எழுத அடைப்புக்குறிக்குள் இடமில்லையா என்ன?

மாநில அளவில் அவர் சிலாங்கூருக்காக ஆடினார். அப்போது மலேசியக் கிண்ணத்தில் சிங்கப்பூரும் ஆடியது. சிலாங்கூர், சிங்கப்பூர் ஆட்டம் என்றால் தோட்டத்தில் மாலை வேலை எதுவும் நடக்காது என்று தாத்தா சொல்வார். மலாக்காவில் இருந்துகொண்டு ஏன் சிலாங்கூரை ஆதரித்தீர்கள் என்று கேட்டேன். ஆறுமுகம் நிற்கும் பக்கம்தான் எங்கள் பக்கம் என்பது பதில். கிள்ளான் துறைமுகத்துப் பையன் ஒருவன் நாட்டுக்கே காவல் நிற்கிறான் என்பது, லயத்து வீடுகளில் இருந்த பையன்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது எனக்குப் புரிகிறது. தோட்டத்துத் திடலில் இரண்டு ஜோடி ஜப்பான் சிலிப்பரை வைத்தால் கோல். அதுவரை அங்கே காவலுக்கு யாரும் நிற்க மாட்டார்களாம்; ஓடத் தெரியாதவனைப் பிடித்து நிறுத்துவார்கள். ஆறுமுகம் வந்த பிறகு அந்த இடத்துக்குச் சண்டை வந்தது.

அவர் வாழ்க்கையின் உச்சம் என்று எல்லாரும் சொல்லும் ஆட்டம் சுழியத்தில் முடிந்த ஆட்டம் இல்லை. 1980 ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை, மெர்டேக்கா அரங்கம். மாஸ்கோ ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்றின் இறுதியாட்டம். எதிரில் தென் கொரியா. தாத்தாவும் கூட்டாளிகளும் கிராணியார் வீட்டுக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிக்கு முன்னால், உள்ளே இடம் போதாமல் சன்னலுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார்கள். அன்று ஆறுமுகம் ஒரு கோல் விட்டார். ஆட்டம் 1–1 ஆனது. அதன் பிறகு நடந்ததைத்தான் தாத்தா திரும்பத் திரும்பச் சொல்வார். கொரியர்கள் விடாமல் வருகிறார்கள், ஆறுமுகம் விடாமல் தடுக்கிறார். கடைசியில் சபாவைச் சேர்ந்த ஹசான் சானி பந்தைக் கொண்டுபோய்க் கொடுக்க, அதே சபாவின் ஜேம்ஸ் வோங் உள்ளே அடித்தார். 2–1.

கோல் காவலராக இருந்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். சுழியத்தைக் காப்பது கடினம்தான்; ஆனால் சுழியம் உடைந்த பிறகு நிற்பது அதைவிடக் கடினம். முதல் கோல் உள்ளே போனதும் வலையிலிருந்து பந்தை எடுக்கக் குனிய வேண்டும். அந்தக் குனிதலை அரங்கமே பார்க்கும். தாக்குதல் ஆட்டக்காரர் ஒரு வாய்ப்பைத் தவறவிட்டால் ஓடி மறைந்துகொள்ளலாம். நமக்கு ஓடவும் இடமில்லை. அதே இடத்தில், அதே கம்பத்துக்கு நடுவில் நின்று, அடுத்த பந்துக்கு முதல் பந்தே இதுதான் என்பது போல் தயாராக வேண்டும். அன்று ஆறுமுகம் செய்தது அது.

மலேசியா ஒலிம்பிக்குத் தகுதி பெற்றது. ஆனால் போகவில்லை. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படைகள் நுழைந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் மாஸ்கோவைப் புறக்கணித்தன. மலேசியாவும் அவற்றில் ஒன்று. நமக்குப் பதிலாக ஈராக் போய் ஆடியது. ஆறுமுகத்துக்கு அப்போது 27 வயது. கோல் காவலருக்கு அது பழுத்துவரும் வயது. நான்கு ஆண்டு கழித்து நடந்த ஒலிம்பிக்குக்கு மலேசியா தகுதி பெறவில்லை. அதற்குப் பிறகும் இன்றுவரை நம் காற்பந்து அணி ஒலிம்பிக் பக்கம் போனதில்லை. அரசாங்கத்தின் முடிவு சரியா தவறா என்று பாட வகுப்பில் விவாதிக்கலாம். எனக்கு அந்த ஏப்ரல் ஞாயிறும், அதற்குப் பிறகு வந்த ஜூலையும்தான் கண்ணில் நிற்கின்றன. அந்த ஜூலையில் மாஸ்கோவில் ஆட்டங்கள் தொடங்கியபோது இந்த மனிதர்கள் எங்கே இருந்து, என்ன செய்துகொண்டிருந்திருப்பார்கள்?

அவர் நிறுத்திவிடவில்லை. 1980-களின் நடுப்பகுதி வரை தேசிய அணியில் இருந்தார். பத்து ஆண்டுகளுக்கு மேல் ஒரு நாட்டின் கோல் கம்பத்துக்கு நடுவில் நிற்பது சாதாரண விஷயம் இல்லை. அணியில் தாக்குதலுக்கு இருவர், மூவர் மாறி மாறி ஆடலாம், காவலர் ஒருவர்தான். இரண்டாவது காவலர் நாள் முழுவதும் இருக்கையில் உட்கார்ந்திருப்பார், முதல் ஆளுக்கு ஒரு சறுக்கல் வராதா என்று. அந்தச் சறுக்கல் வராமல் பார்த்துக்கொள்வதும் ஒரு சாதனைதான். இதற்கும் ஏடு கிடையாது.

1988-க்கு வருகிறேன். அந்த ஆண்டு செப்டம்பர் கடைசியில் அமெரிக்காவில் ஹெர்ஷைசர் 59-ஆவது இன்னிங்ஸை முடித்து ஏட்டில் ஏறினார். டிசம்பர் 18-ஆம் தேதி கோலாலம்பூரில் ஆறுமுகம் சாலை விபத்தில் இறந்தார். 36-ஆவது பிறந்தநாளுக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. செய்தி வந்த நாளில் தோட்டத்துத் திடலில் யாரும் ஆடவில்லை என்று தாத்தா சொன்னார். மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை, 1991 ஜூலையில் மொக்தார் டஹாரியும் நோயால் போய்ச் சேர்ந்தார், அவருக்கு 37. ஒன்றை அடித்தவரும் சுழியத்தைக் காத்தவரும் நாற்பதைப் பார்க்கவில்லை.

என் வயதுக்காரர்களுக்கு இந்தக் கதை ஓலா போலா படத்தின் வழியாகத் தெரிந்திருக்கும். 2016-இல் வந்தது. 1980 அணியை அடிப்படையாக வைத்துக் கற்பனை கலந்து எடுத்த படம். அதில் வரும் முத்து என்ற கோல் காவலர் பாத்திரத்துக்கு ஆறுமுகம்தான் மூலம். அறிவிப்புப் பலகைச் சங்கதிக்குப் பிறகு, ஒரு விடுமுறையில், வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து மறுபடி பார்த்தோம். தாத்தா கடைசி ஆட்டம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. முத்து பாய்ந்து பந்தைத் தட்டும் காட்சி வந்ததும் தம்பி கைதட்டினான். தாத்தா மட்டும் நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்து, இந்தப் பையன் நன்றாகத்தான் நடிக்கிறான், ஆனால் கை அவ்வளவு நீளமில்லை என்றார்.